எர்த்சீ முழுத் தொகுப்பு: அந்த ஆடுகளுக்காகவே வாங்கலாம்

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின், எர்த்சீ என்ற மந்திரத் தீவுகளின் கற்பனை உலகத்தை வைத்து எழுதிய கதைகள் மொத்தத்தையும் ஒரே புத்தகமாகச் சேர்த்து 2018இல் வந்த படப் பதிப்பை வாங்கி, இரண்டு மாதமாகப் படித்து இப்போதுதான் முடித்தேன். நாவல்கள் 5, ஒரு சிறுகதைத் தொகுதி, அதுபோக 1964இலேயே வந்த இரண்டு ஆரம்பகாலக் கதைகள், இன்னும் சில சின்னக் கதைகள், ஓர் உரை என்று எல்லாமே உள்ளே இருக்கின்றன. படங்கள் வரைந்தவர் சார்ல்ஸ் வெஸ். கிட்டத்தட்ட ஆயிரம் பக்கம்.

எனக்கு இது புதுக் கதை இல்லை. 1968இல் வந்த முதல் நாவலான 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'யை 13 வயதில் நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறேன். அப்போது பிடித்ததெல்லாம் டிராகன் வரும் பகுதிதான். இந்த முறை முதல் அத்தியாயத்தையே தாண்ட மனசு வரவில்லை, மூன்று தடவை திரும்பப் படித்தேன். தன்னிடம் மந்திரம் இருக்கிறது என்று ஒரு சின்னப் பையன் தெரிந்துகொள்ளும் தருணத்தை இவ்வளவு சரியாக எழுதியவர் வேறு யாரையும் நான் படித்ததில்லை.

காண்ட் என்ற மலைத் தீவில் டூனி என்று ஒரு பையன். அம்மா இறந்துவிட்டாள், அப்பா வெண்கலக் கொல்லர், அதிகம் பேசாதவர். அம்மாவுடன் பிறந்தவள் ஒருத்தி அந்த ஊரின் சூனியக்காரி. ஒரு நாள் குடிசைக் கூரையில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் ஓர் ஆட்டைப் பார்த்து அவள் ஏதோ இரண்டு வரி சொல்ல, ஆடு குதித்து இறங்கிவிடுகிறது. 7 வயதுப் பையன், பார்த்துக்கொண்டே நிற்கிறான். மறுநாள் மேய்ச்சலில் அதே வரிகளை, அர்த்தம் என்ன, எதற்குச் சொல்வது என்று எதுவும் தெரியாமல், சும்மா கத்திப் பார்க்கிறான். ஆடுகள் வருகின்றன. எல்லா ஆடுகளும், சத்தமே இல்லாமல். மஞ்சள் கண்ணும் அதில் கறுப்புக் கீறல் மாதிரியான பாவையுமாக அவனையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பையனுக்குச் சிரிப்பு வருகிறது, இன்னொரு தடவை சொல்கிறான். அவை இன்னும் நெருங்கி அவனை இடித்துக்கொண்டு நிற்க, அந்தக் கொம்புகளையும் அந்த அமைதியையும் பார்த்துப் பயந்து ஓடுகிறான். ஆடுகளும் அவனை நடுவில் விட்டுச் சுற்றிலும் ஒட்டிக்கொண்டே ஓடுகின்றன. ஊர்க்காரர்கள் ஆடுகளைத் திட்டுகிறார்கள், பையனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்காதவள் அந்தச் சூனியக்காரி மட்டும்தான். ஒரு வார்த்தை சொல்லி ஆடுகளை விடுவித்துவிட்டு, என்னோடு வா என்று அவனைக் கூட்டிப்போகிறாள்.

இவ்வளவுதான் காட்சி, இரண்டு பக்கம் கூட இருக்காது. ஆனால் இதில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள்! மந்திரம் அவனுக்கு ஒரு பரிசாக வரவில்லை, யாரோ வந்து நீதான் அந்தப் பிள்ளை என்று சொல்லவும் இல்லை. வாய் தவறி வந்த மாதிரி வருகிறது, வந்ததும் சந்தோஷம், அடுத்த நொடியே பயம், ஏனென்றால் கூப்பிடத் தெரிந்த பையனுக்குத் திருப்பி அனுப்பத் தெரியவில்லை. பிறகு அவன் வளர்ந்து, ரோக் தீவின் மந்திரப் பள்ளியில், கூடப் படிப்பவன் சீண்டினான் என்ற வீம்பில் செய்யும் பெரிய தவறும் இதே தவறுதான், ஆட்டுக்குப் பதிலாக அங்கே வருவது வேறொன்று. முதல் அத்தியாயத்திலேயே முழுக் கதையையும் வைத்துவிட்டார் என்பது இந்த வயதில்தான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் ஓகியன். பையனுக்கு 13 வயதானதும் கெட் என்ற உண்மைப் பெயரைக் கொடுத்து அழைத்துப்போகும் பெரிய மந்திரவாதி அவர். மழை பெய்தால் இந்த மனிதர் மந்திரத்தால் விலக்கிவிடாமல், ஒரு மரத்தடி பார்த்துப் படுத்துக்கொள்கிறார். வழியில் ஒரு செடியைக் காட்டுகிறார், பையன் இதன் உபயோகம் என்ன என்று கேட்க, தனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை என்கிறார். பெயர் தெரிந்தால் அந்தப் பொருள் கட்டுப்படும் என்பதுதான் இந்த உலகத்தின் விதி. அந்தப் பெயரை அறிவதற்கு முன்னால் செடியை வேர், இலை, பூ என்று எல்லாப் பருவத்திலும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார் அவர். 13 வயதில் இந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டியிருக்கிறேன், கெட்டுக்கு இருந்த அதே அவசரம்.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். முதலில் கற்றுக்கொடுத்தவளும் அவனிடம் சக்தி இருப்பதைக் கண்டுகொண்டவளும் அந்தச் சூனியக்காரிதான். ஆனால் பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று அந்தத் தீவின் பழமொழி பேச்சோடு பேச்சாக வந்து போகிறது, கதையும் அவளைச் சீக்கிரமே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. படிக்கும்போது உறுத்தியது. லெ குவினுக்கும் இது உறுத்தியிருக்கிறது, 1990இல் வந்த 'டெஹானு'வில் இதே உலகத்துக்குத் திரும்பி வந்து, பெண்கள் பக்கம் நின்று எழுதியிருக்கிறார். தொகுப்பாக வாங்குவதில் பெரிய லாபம் இதுதான், கேள்வியும் பதிலும் ஒரே புத்தகத்துக்குள் கிடைக்கின்றன.

படங்களைப் பற்றி. கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. புத்தகத்திலேயே தெளிவாக எழுதியிருந்தும் பல பதிப்புகளின் அட்டையில் வெள்ளைப் பையனை வரைந்துவிட்டார்கள், லெ குவின் அதை வெளிப்படையாகவே கண்டித்திருக்கிறார். வெஸ் அவரோடு பேசிப் பேசி வரைந்தவர் என்பதால் இதில் முகங்கள் சரியாக இருக்கின்றன. படங்கள் வெளிவந்ததை மட்டும் லெ குவின் பார்க்கவில்லை, 2018 ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

இனி புத்தகம் ஒரு பொருளாக எப்படி. தாள் நன்றாக இருக்கிறது, எழுத்தும் கண்ணை உறுத்தவில்லை. கனம்தான் பிரச்சினை. படுத்துக்கொண்டு படிக்கவே முடியாது, மேஜையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். எனக்கு வந்த பிரதி ஒரு மூலை நசுங்கி வந்தது. விற்றவர்கள் மாற்றித் தந்தார்கள், ஆனால் அதற்குப் பத்து நாள் ஆனது. இவ்வளவு கனமான புத்தகத்தை மெல்லிய உறையில் போட்டு அனுப்பக் கூடாது.

வீட்டில் 11, 12 வயதுப் பிள்ளை இருந்தால் இதை முதலில் கையில் கொடுக்காதீர்கள், பார்த்ததுமே மலைத்துப்போவார்கள். முதல் நாவல் தனியாக மெல்லிய புத்தகமாகக் கிடைக்கிறது, அதைக் கொடுங்கள், பிடித்துப்போனால் இது இருக்கவே இருக்கிறது. முடிந்தால் முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், லெ குவினுடைய ஆங்கிலம் வாய்விட்டுப் படிப்பதற்கென்றே எழுதினது போல இருக்கும். அக்கா மகளுக்கு அப்படித்தான் படித்தேன். ஆடுகள் நெருங்கி வரும் இடத்தில் தொங்கவிட்டிருந்த காலை மெல்ல மேலே இழுத்துக்கொண்டாள், அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "மாமா, அந்த ஆடுங்களுக்கும் பயமா இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.