ஒரே பெயர், இரண்டு சரக்கு: பள்ளத்தூருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

ஆச்சி மகன் செமஸ்டர் லீவுக்குக் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வந்திருந்தான். (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். பாட்டி என்று நினைத்துவிட வேண்டாம்.) வந்ததும் வராததுமாக போனில் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினான். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, கம்ப்யூட்டரில் கேமின் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு. அதே பெட்டி, அதே படம், அதே இரண்டு விசிறி. விலையில் மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம் வித்தியாசம்.

"அம்மான், இதுல எது ஒரிஜினல்?"

இரண்டுமே ஒரிஜினல்தான், வம்பே அங்கேதான் இருக்கிறது என்றேன். பெட்டியின் மூலையில் சின்னதாக ஒன்றில் 8 ஜிபி என்றும் இன்னொன்றில் 16 ஜிபி என்றும் போட்டிருந்தது, கார்டிலேயே இருக்கும் மெமரியின் அளவு. விரலால் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

ஆச்சி ஒதுக்கியிருந்தது 40,000 ரூபாய். அதற்குள்ளும் அதை ஒட்டியும் மூன்று கம்பெனி கார்டுகள் வருகின்றன. 2025 ஏப்ரலில் வந்த என்விடியாவின் 5060 டிஐ: 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். அதே ஆண்டு ஜூனில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி: 8 ஜிபி 299, 16 ஜிபி 349. 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580: 12 ஜிபி, 249 டாலர். 2025 மத்தியில் இருந்தபடி டாலருக்கு 86 ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி என்று போட்டுப் பார்த்தால் 16 ஜிபி 5060 டிஐ 43,500ஐத் தொட்டது. 16 ஜிபி 9060 எக்ஸ்டி 35,400. பி580 25,000 சொச்சம். இது அறிவித்த விலைக்கு நான் போட்ட கணக்கு. கடைக்காரர் சொல்லும் விலை இதற்கு மேலே ஏறுமே ஒழிய இறங்காது.

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்விடியா கட்சி. சாயங்காலம் காபிக்கு வந்தவர் முகப்பிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "8 ஜிபி 5060 டிஐ வாங்குங்க. 1080பி-க்கு அது ஏராளம்." (1080பி என்றால் சாதாரண ஃபுல் எச்டி திரை.)

அங்கே பிடித்தது சண்டை.

பையனின் கம்ப்யூட்டரில் இருக்கும் சிபியு இன்டெல் ஐ5 10400. அதன் மதர்போர்டில் கார்டைச் செருக இருப்பது பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை ஸ்லாட். அதில் தகவல் போகும் பாதைகளை லேன் என்பார்கள், 5060 டிஐ கார்டு எட்டு லேன்களைத்தான் பயன்படுத்தும். 3.0-வில் லேனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி என்றால் எட்டு லேனுக்கு 8 ஜிபி. கார்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் மெமரியோ நொடிக்கு 448 ஜிபி ஓடும். கேம் கேட்கும் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) கார்டின் 8 ஜிபி மெமரிக்குள் அடங்கும் வரை எல்லாம் சுகம். வழிந்துவிட்டால் மிச்சத்தை கம்ப்யூட்டரின் சாதா ரேமில் போய் எடுத்துவர வேண்டும், அதுவும் அந்த ஒடுங்கின வழியாக. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) 70 என்று திரையில் அழகாகக் காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நிற்கும். சில கேம்களில் திக்கல்கூட இராது. தூரத்துச் சுவரெல்லாம் மெழுகு பூசினாற்போல் மங்கலாகவே நிற்கும், அதுதான் டிசைன் போலும் என்று நாமே நினைத்துக்கொள்வோம்.

புது போர்டில், பிசிஐஇ 5.0-வில், இதே கார்டு இவ்வளவு அடி வாங்காது. பரிசோதனை செய்கிறவர்கள் பெரும்பாலும் உயர்ந்த ரக புது போர்டில்தான் சோதிக்கிறார்கள். நம் ஊரில் கார்டை மட்டும் மாற்றுகிறவன் வீட்டில் இருப்பது ஐந்தாறு வருஷப் பழைய போர்டு.

9060 எக்ஸ்டி பதினாறு லேன். அதே பழைய ஸ்லாட்டில் இரட்டிப்பு வழி கிடைக்கும், 16 ஜிபி இருப்பதால் வழிவதும் அபூர்வம். அதன் மெமரி நொடிக்கு 320 ஜிபிதான், 5060 டிஐயை விடக் குறைவு. 16-க்கு 16 வைத்துப் பார்த்தால் 5060 டிஐ சற்று முன்னால் நிற்கும், ஒளியையும் நிழலையும் நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கில் இன்னும் நன்றாகவே முன்னால். படத்தைச் சிறிதாக வரைந்து ஏஐ கொண்டு பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இருக்கிற கேம்களின் எண்ணிக்கைக்கு ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 பக்கத்தில்கூட வராது. இதையெல்லாம் நண்பர் சொல்லும் முன்பே நான் ஒத்துக்கொண்டேன். அதற்காக 8,000 ரூபாய் கூடக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. பையன் படிப்பது சிவில். ஏஐ, மெஷின் லேர்னிங் என்று படிக்கிறவனாக இருந்தால் அந்த வேலைக்கு உதவும் என்விடியாவின் கூடா மென்பொருளுக்காகவே 16 ஜிபி 5060 டிஐ வாங்கச் சொல்லியிருப்பேன், வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

நண்பர் பேச்சை நாணயத்தின் பக்கம் திருப்பினார். "பேர் பெத்த கம்பெனி ஏமாத்துமா?"

ஏமாற்று என்று சொல்வதா, சாமர்த்தியம் என்று சொல்வதா என்று தெரியவில்லை, ஆனால் வரலாறு நீளம். 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 970-ல் 4 ஜிபி என்று போட்டார்கள். அதில் கடைசி அரை ஜிபி மட்டும் மெதுவாக ஓடும் தனிப் பகுதி என்பது 2015 ஜனவரியில் வெளியே வந்தது. படத்தின் புள்ளிகளைக் கடைசியாக எழுதி முடிக்கும் ஆர்ஓபி என்ற பகுதிகளின் எண்ணிக்கையும் 64 இல்லை, 56தான் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்காவில் வழக்காகி, கார்டுக்கு 30 டாலர் தருவதாக 2016-ல் சமரசம் ஆனது. அதே 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-ல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. பெயரைப் பார்த்தால் மெமரிதான் வித்தியாசம் என்று தோன்றும், உள்ளே கணக்குப் போடும் கோர்களே 1,280-லிருந்து 1,152 ஆகியிருந்தன. 2018-ல் ஜிடி 1030-ஐ மெதுவான டிடிஆர்4 மெமரி போட்டு அதே பெயரில் விட்டார்கள். நொடிக்கு 48 ஜிபி ஓடிய இடத்தில் 17-கூட இல்லை. 2022-ல் 4080 என்ற பெயரில் 12 ஜிபி ஒன்றும் 16 ஜிபி ஒன்றும் அறிவித்து, ஏச்சு தாங்காமல் 12 ஜிபியைப் பின்வாங்கி, மறு வருஷம் 4070 டிஐ என்று கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் மேடை ஏறி 549 டாலர் 5070-ல் 4090-இன் வேகம் என்றார்கள். ஏஐ இடையில் நுழைக்கும் ஃபிரேம்களையும் சேர்த்து எண்ணினால் வரும் வேகம் அது.

இந்த 5060 டிஐ-யிலும் விமர்சகர்களுக்கு முதலில் போனது 16 ஜிபி. 8 ஜிபியை அவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதித்தார்கள். சரக்கில் நம்பிக்கை இருந்தால் ஒளித்து வைப்பானேன்?

"ஏஎம்டி மட்டும் யோக்கியமா?" என்றார் நண்பர். இல்லை. 2017-ல் ஆர்எக்ஸ் 560-ஐ 1,024 ஷேடரிலிருந்து (கோரைத்தான் இப்படியும் சொல்வார்கள்) 896-க்குக் குறைத்து அதே பெயரில் விற்றார்கள். பிடிபட்ட பிறகுதான் தங்கள் பக்கத்தைத் திருத்தினார்கள். இப்போது 9060 எக்ஸ்டியிலும் 8, 16 என்று அதே வித்தை. 1080பி ஆடுகிறவர்களுக்கு 8 ஜிபி போதும் என்று கம்பெனி ஆளே வெளிப்படையாக வாதாடினார்.

நண்பர் சொன்னதில் ஒரு விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 2016-ல் வாங்கிய 1060-க்கு 2025 வரை கேம் டிரைவர் (புதுப் புது கேம்களுக்காக கார்டை ஓட்டும் மென்பொருள்) வந்தது. ஏஎம்டியோ 2025 அக்டோபரில் ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளைப் பராமரிப்புக்குத் தள்ளுவதாகச் சொல்லிவிட்டு, எல்லோரும் கத்திய பிறகு அப்படியில்லை என்று சமாதானம் சொன்னது. 2021-ல் வந்த 6600 வாங்கியவனுக்கு அப்போது வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்! பையன் இதை நாலைந்து வருஷம் ஓட்டப் போகிறான். இந்தச் சந்தேகத்தோடுதான் நான் 9060 எக்ஸ்டி பக்கம் நிற்கிறேன்.

இன்டெல் பி580 விலைக்கு 12 ஜிபி என்பது மற்ற இருவரையும் வெட்கப்பட வைக்கும். ஆனால் பழைய சிபியுவோடு போட்டால் டிரைவர் சிபியுவையே அதிகம் வேலை வாங்குவதால் வேகம் விழுகிறது என்பது 2025 ஜனவரியிலேயே அம்பலமாகிவிட்டது. கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே மூச்சில் எட்ட விடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாவிட்டால் இன்னும் மோசம். காசு குறைவாக வைத்திருப்பவனிடம்தானே பழைய சிபியு இருக்கும்? அவனுக்கென்று செய்த கார்டு அவன் வீட்டிலேயே நொண்டுகிறது. புது சிபியு இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

செகண்ட் ஹேண்ட்? கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு ஈட்டும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்ற பிறகு சந்தை முழுக்க மலிவுக் கார்டாகக் கிடந்தபோது நானும் ஒன்று வாங்கினேன். விற்றவர் "வீட்ல வச்சு கேம் ஆடினதுதாங்க" என்றார். மூன்றாம் மாதம் செத்துப்போய்க் கழற்றிப் பார்த்தால் மெமரி மேலிருந்த, சூட்டைக் கடத்தும் பேடெல்லாம் எண்ணெய் கக்கியிருந்தது. அதோடு சரி.

இன்னொரு கணக்கு வீட்டுக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டில் ஒரு அறையில். மரச்சட்டத்தில் ஓடும் ஐயா காலத்து ஒயரிங், ஒரே ஒரு பிளக். பொழுது சாய்ந்தால் வோல்டேஜ் படுத்துவிடும். யுபிஎஸ் 600 விஏ, 360 வாட்டுக்கு மேல் தாங்காது. 5060 டிஐ 180 வாட், பி580 190, 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 (வேகத்தைக் கூட்டி வைத்த மாடல்கள் இதைத் தாண்டும், பார்த்து வாங்க வேண்டும்). சென்னை அபார்ட்மெண்டில் இந்த 20, 30 வாட் பொருட்டில்லை. இங்கே யுபிஎஸ் கீச்சிடுவதும் கீச்சிடாததும் அதில்தான் இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பர்மா தேக்கு என்று தூணைக் காட்டினால், தெரிந்தவர் பாலிஷ் படாத அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பார்ப்பார். கார்டைச் சுரண்ட முடியாது. ஜிபியு-இசட் என்று ஒரு சின்ன இலவச புரோகிராம் இருக்கிறது, போட்டால் ஷேடர், ஆர்ஓபி, மெமரி வகை, எத்தனை லேன் ஓடுகிறது எல்லாம் வரும். 2025 பிப்ரவரியில் சில 5090, 5070 டிஐ கார்டுகளில் 8 ஆர்ஓபி குறைந்திருந்ததை வாங்கியவர்கள் கண்டுபிடித்தது இப்படித்தான். கார்டை மாட்டியதும் கேமைத் திறக்காதே, முதலில் இதைத் திற என்று பையனிடம் சொல்லி வைத்தேன்.

மறுநாள் போய் 9060 எக்ஸ்டி 16 ஜிபி வாங்கினோம், 37,000-க்கு. பில்லில் வெறும் "9060 எக்ஸ்டி" என்று அடித்துக் கொடுத்தார்கள். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "16ங்கிறது எங்கப்பா?" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பேனாவால் எழுதி, பக்கத்தில் சீல் வைத்துத் தந்தார்.