குதிரைக்குக் கொட்டகையும் மேய்ச்சல் காடும் வாடகைக்கு விடுகிறவர்கள் படியுங்கள், எனக்கு 2,14,600 ரூபாய் போய்விட்டது

முந்தாநாள் நடந்தது. இன்னும் கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போலக் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூலனூர்ப் பக்கம் அப்பா விட்டுப் போன 8 ஏக்கர் கொறங்காடு எங்களுக்கு இருக்கிறது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கிணற்றுப் பாசனம் கிடையாது, சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேலா மரம். மாடும் ஆடும் மேய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிற காடு. அப்பா போன பிறகு மாடுகளைக் கொடுத்துவிட்டோம். நான் திருப்பூரில் வேலைக்குப் போகிறேன், தோட்டத்து வீட்டில் அம்மா மட்டும். மாட்டுக் கொட்டகை சும்மா கிடந்தது.

விவசாய நிலம், கொட்டகை, டிராக்டர் எல்லாம் வாடகைக்குச் சேர்த்துவிடுகிற ஒரு செல்போன் ஆப். பெயர் எழுதவில்லை, வக்கீல் வேண்டாம் என்றார். 4,900 ரூபாய் கட்டினால் 'சரிபார்க்கப்பட்ட வாடிக்கையாளர்' மட்டும்தான் நம்மைத் தொடர்புகொள்வார்கள் என்றார்கள். கட்டினேன். பத்தே நாளில் ஒருவர் பேசினார். நாலு குதிரை, ஒன்றுக்கு மாதம் 6,500, மொத்தம் 26,000. தீனி அவர் பொறுப்பு, லாடம், வைத்தியம் அவர் பொறுப்பு, இடமும் தண்ணீரும் மேய்ச்சலும் நம் பொறுப்பு. இரண்டு மாத அட்வான்ஸ் 52,000 ஆப் கையில் இருக்கும். கொட்டகைக் கல்தளத்தைப் பெயர்த்து மண் போட்டு, கூரையை உயர்த்தி, குறுக்கே தடுப்பு வைக்க எனக்கு 85,000 ஆனது. அதை நான் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை, கொட்டகை இருக்கிறது.

நான் ஏன் நம்பினேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். இடம் பார்க்க வந்த அன்றைக்கு அவன் (இனி அவர் இவர் என்று எழுத மனம் வரவில்லை) வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் காட்டுக்குள் இறங்கி வேலி ஓரமாகவே நடந்தான். புல்லுக்குள் கிடந்த ஒரு துருப்பிடித்த முள்கம்பித் துண்டைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "குதிரைக்குக் காலுதாங்க்கா உசுரு, இது ஒண்ணு போதும்" என்றான். தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தான். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த முள்கம்பித் துண்டிலேயே நான் விழுந்துவிட்டேன். இப்படிப் பார்க்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். ஆதார் நகல்கூடக் கேட்கவில்லை, ஆப் சரிபார்த்திருக்கிறதே என்று.

கார்த்திகை ஆரம்பத்தில் குதிரைகள் வந்தன. மழை பெய்து புல் முழங்கால் உயரம் நின்ற நேரம். முதல் மாத 26,000 வந்தது. கொள்ளு, தவிடு, கட்டுக்கட்டாகக் குதிரைமசால் எல்லாம் அவனே இறக்கினான். மார்கழியில் கேட்டபோது, "மாலை போட்டிருக்கேங்க்கா, சாமி மேல சத்தியமா மலைக்குப் போயிட்டு வந்ததும் போட்டுடறேன்." மாலை போட்டவனிடம் எப்படிச் சண்டை போடுவது? ஜனவரி முதல் வாரத்தோடு தீனி வருவது நின்றது. தை பிறந்ததும் போனை எடுப்பதும் நின்றது.

மாடாக இருந்தால் காய்ந்த சோளத்தட்டைப் போட்டுச் சமாளித்துவிடலாம். குதிரை அப்படியில்லை என்பதை நான் பணம் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, நாக்கால் சுற்றிப் பிடுங்கும். குதிரை மேலும் கீழும் பல் வைத்துத் தரையோடு நறுக்கும். தை முடிவதற்குள் அப்பா காலத்துக் கொழுக்கட்டைப் புல் தூரோடு போய்விட்டது, பாதி வெள்வேலா மரத்தில் பட்டையைக் கடித்து உரித்துவிட்டன. புல் இல்லாத தரையில் மேய்ந்து மண்ணும் உள்ளே போய், ஒரு ராத்திரி வெள்ளைப் பெண்குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு படுத்துப் புரள ஆரம்பித்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாதாம், வயிற்றில் சேர்ந்தது மேலே வராது. அவனுக்கு 23 முறை போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். புரள விடாமல் விடிய விடிய நானும் அம்மாவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அம்மாவுக்கு 68 வயது. காலையில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் செய்து டாக்டர் வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றிக் காப்பாற்றினார்.

அந்த டாக்டர்தான் கேட்டார், கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று எங்கே என்று. எனக்கு அந்தப் பெயரே தெரியாது. மனிதருக்கும் தொற்றக்கூடிய நோயாம், ரத்த மாதிரி ஹிசாரில் இருக்கிற தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் வரை போகுமாம், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டிய நோய். சான்று பார்க்காமல் நாலு குதிரையை உள்ளே விட்டு அம்மாவைப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொன்னார், கொழுக்கட்டைப் புல்லையே மாதக்கணக்கில் தின்றால் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து உடம்பில் பிடிக்காமல் எலும்பு கெடும், மாட்டு வயிறு அதைச் சமாளிக்கும், குதிரை வயிறு சமாளிக்காது என்று. பதினைந்து வருஷமாகக் குதிரை வளர்க்கிறேன் என்று சொன்னவன் இதில் ஒன்றைக்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

பட்டினி போட மனசு வருமா? வந்தாலும் முடியாது. நம் பொறுப்பில் இருக்கிற பிராணி தீனியில்லாமல் செத்தால் 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் நம் மேலேயும் வழக்கு வரலாம் என்றார் வக்கீல். விற்றுக் கழித்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் கூடாது, பொருள் நம்முடையது இல்லை. ஆக, தீனிக்கு 63,500. டாக்டர், மருந்து, லாடம் கட்டியது 18,200. மாசியிலிருந்து ஆள் வைத்த கூலி 24,000. நாலு மாத வாடகை பாக்கி 1,04,000. ஆப்புக்குக் கட்டிய 4,900. மொத்தம் 2,14,600.

ஆப்காரர்கள் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் முறை, "48 மணி நேரத்தில் தீர்வு." இரண்டாவது முறை வேறொருவர், முதலிலிருந்து கதை சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை, நாங்கள் அறிமுகம் செய்பவர்கள் மட்டுமே. சரி, சரிபார்த்தோம் என்று 4,900 வாங்கினீர்களே, என்ன சரிபார்த்தீர்கள் என்றால், அவருடைய போன் நம்பருக்கு ஓடிபி போனதாம். அவ்வளவுதான் சரிபார்ப்பு. அட்வான்ஸ் 52,000ஐயாவது கொடுங்கள் என்றேன். ஒரு பெண் நிதானமாகச் சொன்னார்: "மேடம், எங்க சிஸ்டத்துல உங்க இடம் ஜனவரி 9ஆம் தேதியே காலின்னு காட்டுது." அவன் ஆப்பில் 'காலி செய்துவிட்டேன்' என்று அழுத்தியிருக்கிறான், எனக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது, 24 மணி நேரத்தில் நான் மறுக்கவில்லை, பணம் அவனுக்கே திரும்பிவிட்டது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே நாலு குதிரையும் நிற்கின்றன! போட்டோ அனுப்பினேன். பதில், "உங்கள் கருத்துக்கு நன்றி."

முந்தாநாள் கரூரில் ஒரு சீருக்குப் போயிருந்தேன். பதினோரு மணிக்கு லாரியோடு வந்திருக்கிறான். அம்மா கால் தொட்டுக் கும்பிட்டானாம். "அக்காகிட்டப் பேசிட்டேனுங்கம்மா, பணம் போட்டாச்சு" என்று செல்லில் பச்சை டிக் போட்ட படத்தைக் காட்டியிருக்கிறான். அம்மாவுக்கு அது போதும். வழியில் பசிக்குமே என்று இருந்த அரை மூட்டைக் கொள்ளையும் ஏற்றிவிட்டிருக்கிறார். என் கணக்கில் ஒரு ரூபாய் ஏறவில்லை. லாரி நம்பரை யாரும் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் இது சிவில் விவகாரம் என்றார்கள், அரை நாள் உட்கார்ந்த பிறகு புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். பொய்யான பணப் படத்தைக் காட்டியதற்கு சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கும் சொல்லியிருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை, இவ்வளவுதான் வருகிறது. அட்வான்ஸை உங்கள் கணக்கில் வாங்குங்கள், ஆப் கையில் விடாதீர்கள். ஆதாரும் ஊர் முகவரியும் நேரில் பார்க்காமல் படலைத் திறக்காதீர்கள். கிளாண்டர்ஸ் சான்று இல்லாத குதிரை உள்ளே வரவே கூடாது. தீனி நின்றால் என்ன ஆகும் என்பதை முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்களிடம், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதை நீங்கள் போனில் சொன்னால் தவிர எதையும் வெளியே விடக் கூடாது என்று சொல்லிவையுங்கள், நான் சொல்லிவைக்கவில்லை.

அம்மா ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தன்னால்தான் 2,14,600 போனது என்று.

குதிரைகளின் அடையாளம்: ஒன்று வெள்ளைப் பெண்குதிரை, இடது பின்காலில் முழங்காலுக்குக் கீழே பழைய வெட்டுத் தழும்பு. இரண்டு செவலை, காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். ஒன்று கறுப்புக் குட்டை, நெற்றியில் சுழிக்குப் பக்கத்தில் வெள்ளை. தாராபுரம், ஒட்டன்சத்திரம், பழனி வழியில் யாராவது பார்த்தால் எழுதுங்கள். விற்க வேண்டுமென்றால் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குத்தான் கொண்டுவருவான் என்று லாடம் கட்டுகிற அண்ணன் சொல்கிறார். லீவு சொல்லிவைக்கப் போகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்த வெள்ளைக் குதிரையை எத்தனை குதிரைக்கு நடுவில் நிறுத்தினாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவார்.