ஆறு ஆண்டுகளாக என் கையில் ஒரு டிசி கிளாம்ப் மீட்டர்

பெங்களூரு அல்சூரில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுதுபார்ப்பது என் தொழில். கம்பியைக் கழற்றாமலே அதில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் இந்த மீட்டரை 2019-இல் எஸ்.பி. ரோட்டில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஏசியை, அதாவது திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்தை, மட்டும் காட்டும் கிளாம்ப் மீட்டர் பாதி விலைக்கே கிடைத்தது. ஆனால் அது டிரான்ஸ்பார்மர் போல வேலை செய்வது. ஒரே சீராக ஓடும் பேட்டரி மின்னோட்டம், அதாவது டிசி, அதன் கண்ணில் படாது.

இதற்கு முன் டெர்மினலைக் கழற்றித்தான் நடுவில் அம்மீட்டரைக் கோப்பேன். 12 வோல்ட் இன்வெர்ட்டர் 600 வாட் கொடுத்தால் பேட்டரி கம்பியில் 50 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஸ்பேனர் தவறினால் தெறிக்கும் பொறி எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இப்போது இடுக்கி போன்ற மீட்டரின் தாடையைத் திறந்து கம்பியைச் சுற்றி மூடினால் வேலை முடிந்தது.

கடையில் ஒரு பழைய சார்ஜர் இருக்கிறது. அதில் முள் அம்மீட்டர். காந்தத்தின் நடுவே மெல்லிய கம்பிச்சுருள் தொங்குகிறது. அதில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலம் சுருளைத் தள்ள, முள் நகர்கிறது. கிளாம்ப் மீட்டரில் அப்படி அசைவது எதுவும் இல்லை. இரண்டும் ஒரே விசையால்தான் இயங்குகின்றன என்பது எனக்குப் பிடிபட ஓராண்டு ஆனது. தாடை வளையத்தின் இடைவெளியில் மிளகளவு ஹால் சென்சார் இருக்கிறது. மீட்டரே அதற்குள் சிறிதளவு மின்னோட்டத்தை ஓடவிடுகிறது. பேட்டரி கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலம், ஓடிக்கொண்டிருக்கும் அந்த எலக்ட்ரான்களை ஓரத்துக்கு ஒதுக்குகிறது. அதனால் இரு ஓரங்களுக்கும் இடையே பிறக்கும் துளி மின்னழுத்தத்தைத்தான் ஆம்பியராகப் படிக்கிறோம். அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் 1879-இல் மெல்லிய தங்கத் தகட்டில் இதைக் கண்டார். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1897-இல்தான். கம்பியைக் கோக்கும்போது இந்த நினைப்பு வந்தால் இன்றும் சிலிர்க்கிறது.

இந்த மீட்டரால் ஏமாந்ததும் உண்டு. வாங்கிய முதல் மாதம், இரவெல்லாம் பேட்டரி இறங்குகிறது என்று ஒரு வீட்டில் அழைத்தார்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 1.4 ஆம்பியர் காட்டியது. இன்வெர்ட்டர் போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டு, மீட்டரை எடுத்துத் திருப்பினேன். கம்பியே இல்லாமல் மைனஸில் காட்டியது! பூமியின் காந்தப்புலம்தான் காரணம். 2 ஆம்பியர் ஓடும் கம்பியிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி இருக்கும் புலமும், பெங்களூருவில் பூமியின் புலமும் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி அளந்தேன். அன்றிலிருந்து, அளக்கப்போகும் இடத்திலேயே, அதே திசையில் மீட்டரைப் பிடித்து, ஜீரோ பொத்தானை அழுத்தி அளவைப் பூஜ்யமாக்கிய பிறகுதான் கம்பியைக் கோக்கிறேன். பெரிய மின்னோட்டத்தை அளந்த பிறகு தாடையில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். அப்போதும் ஜீரோ செய்தாக வேண்டும்.

கடைப் பையன் போன மாதம் ஓடி வந்தான். "அண்ணா, மீட்டர் கெட்டுவிட்டது. ஹீட்டர் ஓடுகிறது, பூஜ்யம் காட்டுகிறது." போய்ப் பார்த்தால் கேபிளை முழுதாகக் கோத்திருந்தான். பேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் எதிரெதிர்த் திசை. இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பேஸ் கம்பியை மட்டும் பிரித்துக் கோக்கச் சொன்னேன். 9 ஆம்பியர் வந்ததும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. மெல்லிய கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றினால் அளவு பத்து மடங்காகும், சின்னக் கசிவைப் பிடிக்கலாம் என்பதையும் அன்றே காட்டிக்கொடுத்தேன்.

குறைகளும் உண்டு. பதினைந்து நிமிடத்தில் தானே அணைந்துவிடுகிறது. ஜீரோவும் அதோடு போய்விடுகிறது. வெயிலில் மாடிச் சோலார் வேலை செய்யும்போது அளவு மெல்ல நகர்கிறது. தாடைகள் சேரும் முகத்தில் தூசு படிந்தால் குறைத்துக் காட்டும். வாரம் ஒருமுறை துணியால் துடைக்கிறேன். சுழல்குமிழின் எழுத்துகள் அழிந்துவிட்டன. ஸ்பிரிங் மட்டும் இன்னும் புதிது போலவே இறுக்கமாக இருக்கிறது.

வீட்டு வயரிங் மட்டும் செய்பவருக்கு ஏசி மீட்டரே போதும். சோலார், இன்வெர்ட்டர், மின்சார ஸ்கூட்டர் பக்கம் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒரு பேட்டரியில் டிசி ஆம்பியரைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் ஏசி, டிசி என்று அச்சிட்டிருந்தாலும், சில மீட்டர்களில் டிசி என்பது வோல்ட்டுக்கு மட்டும்தான்.