ஒன்பது வருடம், ஒரே ரெகுலேட்டர்

கடலுக்குள் மூழ்கும்போது டேங்க் காற்றை மூச்சுக்குத் தரும் கருவியான என் ரெகுலேட்டருக்கு இந்த வருடத்தோடு ஒன்பது வயது. லாக் புக் கணக்குப்படி 470 டைவ் தாண்டிவிட்டது. டேங்கில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் குரோம் பூச்சு இரண்டு இடத்தில் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிறது. மவுத்பீஸ் இது ஐந்தாவது. ஹோஸ்கள் எல்லாம் ஒரு சுற்று மாற்றியாயிற்று. உள்ளே இருக்கும் சீட் (வால்வை அடைக்கும் சிறு பாகம்), ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), டயஃபிரம் (சவ்வு) எதுவும் வாங்கியபோது இருந்தவை அல்ல. ஆக, ஒரே ரெகுலேட்டர் என்று நான் சொல்வது அதன் உலோக உடம்பை மட்டும்தான்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது 'எந்த மாடல் நல்லது?' என்று. இதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா, மாற்றுப் பாகங்கள் அடங்கிய சர்வீஸ் கிட் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஒன்பது வருடம் ஓட்டிய பிறகு, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தபின் மாடலைப் பற்றிப் பேசினால் போதும் என்றே தோன்றுகிறது.

இதற்கு முன்னால் ஒன்று வைத்திருந்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பேலன்ஸ் இல்லாத பிஸ்டன் வகை. ஒரு தடவை 22 மீட்டரில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தேன். கேஜில் டேங்க் அழுத்தம் 60 பார். மூச்சு வரத்தான் செய்தது, ஆனால் மூக்கடைப்போடு படியேறுவதுபோல் இருந்தது. எனக்குத்தான் பதற்றம் என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது.

டேங்க் நிறைந்திருக்கும்போது உள்ளே 200 பார் இருக்கும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் வரை கூடுதலான அளவுக்குக் குறைத்து ஹோஸில் நிறுத்தி வைக்கிறது. இதை இடை அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதை நீரின் அழுத்தத்துக்கே இறக்கி, நாம் இழுக்கும்போது மட்டும் தருகிறது. இழுத்தால் கொடு, நிறுத்தினால் மூடு: 1943-ல் பிரான்ஸில் கூஸ்டோவும் கன்யானும் செய்த டைவிங் கருவியிலும் அடிப்படை இதுதான். பேலன்ஸ் இல்லாத ஃபர்ஸ்ட் ஸ்டேஜில், வால்வைத் திறக்க டேங்க் அழுத்தமும் ஒரு கை கொடுக்கிறது. டேங்க் காலியாகக் காலியாக அந்தக் கை தளரும், இடை அழுத்தமும் இறங்கும். ஆழம் வேறு காற்றைக் கெட்டியாக்குகிறது. 30 மீட்டரில் நாம் இழுக்கும் காற்று மேலே இருப்பதைவிட நான்கு மடங்கு அடர்த்தி. இரண்டும் சேர்ந்ததுதான் எனக்கு அன்று கிடைத்த மூக்கடைப்பு.

அதற்காக அந்த வகையைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே பாகங்கள் குறைவு, கெட்டுப்போக அதிகம் இல்லை. 12, 15 மீட்டரோடு நிற்பவருக்கு அது தாராளம். எனக்குத்தான் பத்தவில்லை.

அடுத்து வாங்கியதுதான் இப்போது இருப்பது: பேலன்ஸ் செய்த (டேங்க் காலியானாலும் இடை அழுத்தம் இறங்காத) டயஃபிரம் வகை, சீல் செய்யப்பட்டது, டேங்க் வால்வுக்குள் மரையால் திருகும் டின் இணைப்பு. பிஸ்டனா டயஃபிரமா என்று டைவர்கள் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். பேலன்ஸ் செய்த நல்ல பிஸ்டன் காற்றை அள்ளிக் கொட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரணப் பிஸ்டனில் ஸ்பிரிங்கும் பிஸ்டன் தண்டும் இருக்கும் அறைக்குள் தண்ணீர் நேராகப் போய் வரும். மணலும் உப்பும் கூடவே போகும். நான் பெரும்பாலும் கரையிலிருந்து அலைக்குள் நடந்து இறங்குபவன். அதனால், இன்னொரு டயஃபிரம் வைத்துத் தண்ணீரை வெளியிலேயே நிறுத்தும் சீல் வகையை எடுத்தேன். 10 டிகிரிக்குக் கீழே போகும் தண்ணீரிலும் இந்த சீல் உதவும். அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும் காற்று சுற்றிலும் குளிரை உண்டாக்குகிறது. அங்கே தண்ணீர் நின்றால் பனியாகி, பாகம் ஒட்டிக்கொண்டு காற்று நிற்காமல் கொட்டும். படகில் ஏறும் டைவ் மட்டும், அதுவும் வெதுவெதுப்பான கடலில் என்றால், சீலுக்காக மெனக்கெட வேண்டாம்.

டின் எடுத்ததற்கு இதுவரை வருந்தவில்லை. டேங்க் வால்வைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் யோக் இணைப்பில் ஓ-ரிங் டேங்க் வால்வில் இருக்கும். அதாவது யாரோ ஒருவர் பராமரிக்கும் ஓ-ரிங்கை நம்பி நாம் இறங்குகிறோம். டின்னில் ஓ-ரிங் நம் ரெகுலேட்டரின் முனையில், மரைக்குள் சிறைப்பட்டு இருக்கும். யோக் 232 பாரோடு நின்றுவிடும். 300 பார் டேங்குக்கு டின்தான் வழி. யோக் வால்வு மட்டுமே கிடைக்கும் இடங்களுக்காக ஒரு அடாப்டர் பையில் கிடக்கிறது. அதை மாட்டினால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் பின்மண்டையில் இடிக்கும். பழகிவிட்டது.

பெட்டியில் ஐரோப்பியத் தரம் இ.என். 250 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 50 மீட்டருக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் என்ற பலமான மூச்சில் சோதித்து, ஒவ்வொரு லிட்டருக்கும் 3 ஜூலுக்கு மேல் உழைப்பு ஆகக் கூடாது என்று அது கேட்கிறது. அதற்கு மேல் பட்டியலில் தெரியும் சின்னச் சின்ன எண் வித்தியாசங்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. டைட்டானியம் ஆசை எனக்கும் இருந்தது. இலேசு, துரு பிடிக்காது. ஆனால் ஆக்சிஜன் 40 சதவீதத்தைத் தாண்டும் கலவைக்கு டைட்டானியம் ஆகாது. ஒருநாள் அந்தப் பக்கம் போகலாம் என்ற எண்ணத்தில் பித்தளையிலேயே நின்றுவிட்டேன். இன்றுவரை போகவில்லை என்பது வேறு கதை.

செகண்ட் ஸ்டேஜில் ஒரு திருகும் ஒரு நெம்புகோலும் இருக்கும். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். திருகு, வால்வு திறக்க எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை மாற்றுவது. நெம்புகோல், உள்ளே காற்று பாயும் திசையை மாற்றி, வாயில் இல்லாதபோது தானாகக் கொட்டாமல் காப்பது. தண்ணீரில் குதிக்கும்போது நெம்புகோல் மேற்பரப்பு நிலையில், இறங்கியதும் டைவ் நிலையில். இதற்கு விரல்கள் பழக ஒரு பத்து டைவ் ஆனது. திருகை நீரோட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பும்போது மட்டும் கொஞ்சம் இறுக்குவேன்.

பராமரிப்பில் நான் செய்த பெரிய தப்பு இரண்டாவது வருடத்தில். படகில் எல்லோருக்கும் அவசரம். நானும் கழற்றிய கையோடு நன்னீர்த் தொட்டியில் முக்கினேன். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று மேலே வந்தது. ஒரு நொடி அழகாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அந்த வாயை மூட வேண்டிய டஸ்ட் கேப் கயிற்றில் தனியாகத் தொங்குவதைப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் பெயருக்குத்தான் நன்னீர், பத்துப் பேருடைய உப்பு அதில் கரைந்திருந்தது. உடனே பிரிக்கக் கொடுத்திருக்க வேண்டும். 'ஊதிக் காய வைத்தாயிற்று, சரி' என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், உள்வாயில் இருக்கும் சிறிய உலோக ஃபில்டரின் ஓரம் பச்சை பூத்திருந்தது. பச்சை என்றால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். செம்பழுப்பு என்றால் ஸ்டீல் டேங்கின் துரு. முறைக்கு வெளியே சர்வீஸ் ஒன்று அந்த வருடம் கூடுதலாக ஆனது.

இப்போது என் வழி வேறு. முடிந்தால் டேங்கோடு மாட்டி, வால்வைத் திறந்து அழுத்தம் ஏற்றியபடியே வெதுவெதுப்பான நன்னீரில் அரைமணி நேரம் ஊற வைக்கிறேன். அப்போது செகண்ட் ஸ்டேஜ் வால்வைக் கையால் திறக்கும் பர்ஜ் பட்டனை அழுத்தினாலும் காற்று வெளியே வருமே தவிர, தண்ணீர் உள்ளே போகாது. டேங்க் இல்லாமல் கழுவினால் பர்ஜ் பட்டனைத் தொடவே மாட்டேன். அழுத்தினால் வால்வு திறந்து, தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும். டஸ்ட் கேப்பைக் காய வைக்க டேங்க் காற்றைச் சீறவிடும் பழக்கமும் எனக்கு ஆகாது. பக்கத்தில் திறந்திருக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாய்க்குள் அந்த ஈரத்தைத் தெறிக்க வைக்கவும் அது போதும். துணியால் துடைத்தால் வேலை முடிந்தது.

ஒன்பது வருடத்தில் நான் வாங்கிய பொருள்களில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது எது என்றால், இடை அழுத்தம் பார்க்கும் அந்தச் சின்ன கேஜ்தான். மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் ஹோஸின் முனையில் டக்கென்று மாட்டிவிடலாம். டேங்கைத் திறந்ததும் என்னுடையதில் முள் 9.5-ல் நிற்கும். பர்ஜ் அழுத்தினால் 8-ஐ நோக்கிச் சரிந்து, விட்டதும் வெடுக்கென்று 9.5-க்கே திரும்பி அசையாமல் நிற்க வேண்டும். ஐந்தாவது வருடம் ஒரு மாலை, திரும்பிய முள் நிற்கவில்லை. 9.5, கொஞ்சம் பொறுத்து 9.8. நான் பேசிக்கொண்டே இருந்தேன், அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் 11 ஆனபோது செகண்ட் ஸ்டேஜிலிருந்து மெல்ல 'ஸ்ஸ்' என்று சத்தம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் சீட் தேய்ந்து, மூடியும் மூடாமல் கசிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். முந்தின நாள் அதே ரெகுலேட்டரில் இரண்டு டைவ் போயிருந்தேன். மூச்சில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இந்தச் சோதனை செய்யும்போது செகண்ட் ஸ்டேஜைக் கழற்றிவிடாதீர்கள். அழுத்தம் எகிறினால் வெளியேற அது ஒன்றுதான் வழி.

சர்வீஸ் இடைவெளி தயாரிப்பாளரைப் பொறுத்தது. சிலர் வருடம் ஒருமுறை என்பார்கள், சிலர் இரண்டு வருடம் என்பார்கள், கூடவே டைவ் எண்ணிக்கையும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அது. என்னுடையதற்கு இரண்டு வருடம், நடு வருடத்தில் ஒரு பரிசோதனை. இதில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம்: நான் மிகவும் சந்தேகத்தோடு பார்ப்பது, சர்வீஸ் முடிந்து புத்தம் புதிதுபோல் திரும்பி வரும் ரெகுலேட்டரைத்தான். மூன்றாவது சர்வீஸ் முடிந்து வந்தபோது வீட்டில் வைத்து இழுத்துப் பார்த்தேன். டேங்க் இல்லாமல், டஸ்ட் கேப் மூடியபடி, மவுத்பீஸில் வாய் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். எதுவும் வராமல் இறுகி நிற்க வேண்டும். எனக்குக் காற்று வந்தது. மூச்சை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் ஒரு நகக்கண் அளவுக்கு மடிந்து உட்கார்ந்திருந்தது. தண்ணீருக்குள் போயிருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் கடல் வாயில் வந்திருக்கும். செய்தவர் கெட்டிக்காரர்தான், கை தவறுவது யாருக்கும் உண்டு. அதிலிருந்து சர்வீஸுக்குப் பிறகு முதல் டைவ் ஆழமில்லாத இடத்தில்தான். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிவிடுவேன்.

ஹோஸ்களைப் பற்றி ஒன்று. முனைகளில் இருக்கும் ரப்பர் உறை பாதுகாப்பு என்றுதான் பெயர், ஆனால் விரிசலையும் துருவையும் மறைப்பதும் அதுதான். மாதம் ஒருமுறை பின்னால் தள்ளிவிட்டுப் பார்க்கிறேன். என் ஆக்டோபஸ் (உபரி செகண்ட் ஸ்டேஜ்) ஹோஸில் இருந்த முதல் விரிசல் அப்படித்தான் கண்ணில் பட்டது. உயர் அழுத்த ஹோஸ் வெடித்தால் ஆபத்து அதிகம் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அதற்குக் காற்று போகும் துளை ஊசிமுனை அளவுதான். டேங்கைச் சீக்கிரம் காலியாக்குவது குறைந்த அழுத்த ஹோஸ்தான்.

மவுத்பீஸ் சமாச்சாரம் சிறியது, ஆனால் தொல்லை பெரியது. எப்போதும் ஒரே பக்கத்துப் பல்லால் கடிப்பேன் போல, முந்தைய நான்கு மவுத்பீஸும் இடது பக்கம்தான் கிழிந்தன. ஒரு மாற்று மவுத்பீஸும் இரண்டு ஜிப் டையும் பையில் எப்போதும் இருக்கும். எடுத்து வைக்கும்போது செகண்ட் ஸ்டேஜ் திருகை முழுக்கத் தளர்த்திவிடுகிறேன், சீட்டின் மேல் அழுத்தம் நின்று தடம் பதியாமல் இருக்க. ஹோஸ்களை இறுக்கி மடிப்பதில்லை, பெரிய வட்டமாகச் சுற்றி நிழலில் வைக்கிறேன்.

தயாரிப்பாளர் இந்த மாடலை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. கிட் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த சர்வீஸ் நான்கு மாதத்தில். 'இந்தத் தடவைக்கு இருக்கிறது, அடுத்த தடவைக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்' என்றார் சர்வீஸ் செய்பவர். போன வாரம் பார்த்தபோது முள் 9.5-ல்தான் நின்றது.