ஜூம் எச்1 எசென்ஷியல்: ஒலிக்கலையைப் பதிய இந்தக் குட்டி ரெக்கார்டர் போதுமா?

டிசைன் கல்லூரிக் கண்காட்சியில் வைத்த ஒலிப்படைப்பைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு வீடியோதான். பெரும்பாலும் அதைக் கெடுப்பது கைபேசியின் மைக். சின்னச் சத்தத்தைத் தானாகத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். நாலு நிமிடம் முணுமுணுத்துவிட்டு ஐந்தாவது நிமிடம் அதிரும் படைப்பு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மட்டத்தில் கேட்கும். இடையிடையே மின்விசிறி இரைச்சல் மட்டும் ஏறி இறங்கும்.

2024-இல் சுமார் 100 டாலருக்கு வந்த ஜூம் எச்1 எசென்ஷியல் இதற்குச் சரியான மருந்து. மிகச் சின்னச் சத்தத்தையும் மிகப் பெரிய சத்தத்தையும் ஒரே ஃபைலில் அடக்கும் 32-பிட் ஃப்ளோட்டில் பதிவதால், பதிவு மட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழே கிடையாது. பட்டனை அழுத்தினால் போதும். இரண்டு ஏஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 1.4 ஜிபி பிடிக்கும். கார்டைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

‘32-பிட் என்றால் சத்தம் உடையவே உடையாது’ என்று கடைக்காரர் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். மைக்கே தாங்குவது 120 டெசிபல் வரைதான். சப்வூஃபர் வாயில் கொண்டுபோய் வைத்தால் மைக்கிலேயே உடையும், ஃபைலில் அதைச் சரிசெய்ய வழியில்லை. மறுமுனையிலும் அப்படித்தான். மைக்கின் சொந்த ‘ஸ்ஸ்’ இரைச்சலை எந்த பிட்டும் குறைக்காது. தாள் உரசுவது, நீர் சொட்டுவது போன்ற படைப்புகளை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துப் பதிந்து, பிறகு 30 டெசிபல் தூக்கினால் அந்த ‘ஸ்ஸ்’ஸும் கூடவே எழுந்து வரும். அங்கே 20 சென்டிமீட்டருக்குள் போவதே வழி.

ஒரே டேக்கை நம்பாமல் நாலு டேக் எடுங்கள். முதலாவது, பார்வையாளர் நிற்கும் இடத்தில், காது உயரத்தில், ட்ரைபாடில் முழுப் படைப்பும். இரண்டாவது, ஒவ்வொரு ஸ்பீக்கர், மோட்டார், கம்பி அருகிலும் ஒரு நிமிடம். மூன்றாவது, நடந்துகொண்டே பதிவது. கனடாவின் ஒலிக்கலைஞர் ஜேனட் கார்டிஃப் 2001-இல் 40 ஸ்பீக்கர்களை நிறுத்திச் செய்தது மாதிரியான படைப்பில் நடையே பாதிப் படைப்பு. ஒரே இடத்தில் நின்று பதிந்தால் அது செத்துவிடும். ஆனால் ரெக்கார்டரை வெறுங்கையால் பிடித்து நடந்தால் விரல் நகர்வதெல்லாம் ‘கரக் கரக்’ என்று விழும். சின்ன ட்ரைபாடின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது இரு காதிலும் செருகி, காது கேட்பதுபோலவே பதியும் பைனாரல் மைக்கை 3.5 மிமீ ஜாக்கில் போடுங்கள். அந்த மைக்குக்கு ஜாக் வழியே போகும் சிறு மின்சாரம் (பிளக்-இன் பவர்) இதிலேயே உண்டு. நாலாவது, படைப்பை அணைத்துவிட்டு அறையின் வெறும் சத்தம் 60 விநாடி. எடிட்டிங்கில் வெட்டு தெரியாமல் ஒட்டுவதற்கு இதை விட்டால் வேறு பசை இல்லை.

தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ-கட் வேண்டாம். உங்கள் படைப்பின் அடித்தொனியையும் அது தின்றுவிடும். ஏசி இரைச்சலைக் குறைக்க ஏசியை அணைப்பதே சிறந்தது. வீடியோவையும் ஒலியையும் பிறகு பொருத்துவதற்காக, தொடக்கத்தில் ரெக்கார்டர் பக்கத்தில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். பத்து மீட்டருக்கு அப்பால் தட்டினால் ஒலி 29 மில்லிவிநாடி தாமதமாக வரும், கிட்டத்தட்ட ஒரு ஃப்ரேம் பிசகும்.

பொருளில் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் கான்டாக்ட் மைக் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிர்வை மின்சாரமாக்கும் 27 மிமீ பீசோ தகட்டை நேராக ஜாக்கில் செருகினால் தகரம்போல் ஒல்லியாகக் கேட்கும். பீசோ ஒரு மெகாஓம் அளவு உள்ளீட்டு மின்மறுப்பை (இம்பீடன்ஸ்) எதிர்பார்க்கிறது. இந்த ஜாக்கில் இருப்பது அதில் சிறு பங்குதான். அதனால் அடித்தொனி காணாமல் போகிறது. இடையில் ஒரு ஜேஃபெட் பஃபர் (மின்மறுப்பைப் பொருத்தும் சின்ன டிரான்சிஸ்டர் சுற்று) போட்டால் தீர்ந்தது.

பிறகு எடிட்டிங். ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்ததும் அலைவடிவம் கோடுபோல் இருக்கலாம், அல்லது உச்சந்தலையில் வெட்டியதுபோல் இருக்கலாம். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம், லெவலை மாற்றினால் சரியாகும். ஆனால் மாற்றாமல் 16-பிட்டாக ஏற்றுமதி செய்தால் 0 டெசிபல் என்ற ஃபைலின் உச்ச வரம்புக்கு மேல் போனதெல்லாம் நிஜமாகவே வெட்டுப்படும். யூடியூப் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (சராசரிச் சத்தத்தின் அளவை) மேலுள்ளதைக் குறைக்கும், கீழே உள்ளதை உயர்த்தாது. அதற்காக மெல்லிய படைப்பின் சத்தத்தை ஏற்றி, போட்டு நசுக்காதீர்கள். ‘ஹெட்ஃபோனில் கேட்கவும்’ என்று முதல் ஃப்ரேமில் எழுதினால் போதும். கைபேசி ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் முழக்கம் எப்படியும் கேட்காது.

வெட்டாத மூல வேவ் ஃபைல்களை இரண்டு இடத்தில் வையுங்கள். அகமதாபாத் என்ஐடியில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் மூக் சின்தசைசருடன் அமைத்த ஸ்டுடியோவின் இசை இன்று நம் காதில் விழுவது, அந்த நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் தூக்கியெறியப்படாமல் கிடந்ததால்தான்.

இதற்கு முந்தைய மாடலான எச்1என் ஏற்கெனவே கையில் இருந்தால் இதை வாங்க அவசரமில்லை. உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி கெயினை வைத்து 24-பிட்டில் பதிந்தால் காரியம் நடக்கும். ஃபான்டம் பவர் (ரெக்கார்டரிலிருந்து கேபிள் வழியே போகும் 48 வோல்ட் மின்சாரம்) கேட்கும் மைக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே உதவாது. அந்த மைக்குகளைச் செருகும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் துளையே இரண்டிலும் இல்லை. அவர்கள் காசு சேர்த்து எச்4 எசென்ஷியலுக்குப் போகலாம்.