போலீஸ் வெடிகுண்டு பிரிவா, ராணுவமா?

சென்னை பாரிமுனையில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு பையைச் சோதிக்க முதலில் வர வேண்டியது போலீஸ் வெடிகுண்டு பிரிவுதான். மோப்ப நாய், மெட்டல் டிடெக்டர், எக்ஸ்ரே கருவி, 30 கிலோவுக்கு மேல் கனக்கும் பாதுகாப்பு உடை எல்லாம் அவர்களிடமே உண்டு. சீக்கிரமும் வருவார்கள். வெயிலில் நாய் விரைவில் களைத்துவிடும்; மாற்று நாய் இல்லையென்றால் சோதனை இழுக்கும்.

காயலான் கடையில் துருப்பிடித்த பீரங்கிக் குண்டு கிடைத்தால் கதை வேறு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசிய கரை இது. போதாததற்குத் துறைமுகம் வழியாக வெளிநாட்டுப் பழைய இரும்பும் இறங்குகிறது. குண்டின் ரகம், அதை வெடிக்கவைக்கும் ப்யூஸின் நிலை இரண்டையும் பார்த்தவுடன் சொல்லும் பயிற்சி ராணுவப் பொறியாளர்களுக்கே அதிகம். ஆனால் அவர்கள் தாமாக வர முடியாது, அரசு நிர்வாகம் கேட்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

அந்த நேரத்தில்தான் தப்பு நடக்கிறது. வெளியே துரு பிடித்ததால் உள்ளே மருந்து செத்துவிட்டது என்று நினைத்து, குண்டைச் சுற்றியுள்ள செம்பு வளையத்துக்காகச் சுத்தியலால் தட்டுகிறார்கள், கேஸ் கட்டரை வைக்கிறார்கள். பழைய ப்யூஸ் ஒரு சின்ன அதிர்வுக்கே வெடிக்கலாம். தண்ணீர் வாளியில் போடுவதும் ஆபத்து, தூக்கும்போதே அது அசைகிறது.

கிடந்த இடத்திலேயே விட்டு, குறைந்தது 100 மீட்டர் விலகி, 112க்கு அழையுங்கள். நீளம், பருமன், கூர்முனை இருக்கிறதா என்று சொன்னால், நிர்வாகம் மூலம் ராணுவத்தைக் கூப்பிடுவதா என்பதைப் போலீஸ் சீக்கிரம் முடிவு செய்ய அது உதவும்.