வேலியா, மூடியா, அலாரமா? வீட்டு நீச்சல்குளத்துக்கு எது முதலில்

சிட்னியில் பொங்கல் வரும்போது வெயில் உச்சத்தில் இருக்கும், பள்ளிகளுக்கும் விடுமுறை. வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் யார் வீட்டுப் பின்புறத்தில் குளம் இருக்கிறதோ அங்கேதான் எல்லாரும் கூடுவோம். போன வருஷம் எங்கள் வீடு. பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபத்தைந்து பேர். சாப்பாட்டைக் கொண்டுபோக வசதியாக இருக்கட்டும் என்று குளத்தின் கேட்டுக்கு ஐஸ் பெட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார் ஒரு தம்பி. நான் திரும்பிப் பார்த்தபோது மூன்று வயதுப் பையன் ஒருவன் தண்ணீர் விளிம்பில் குந்தியபடி, மிதந்துகொண்டிருந்த ரப்பர் வாத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். "ரெண்டு நிமிஷம்தான் அண்ணா திறந்து வெச்சேன்" என்றார் தம்பி, குரலே எழவில்லை அவருக்கு. குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் எட்டுப் பேராவது இருந்தோம். ஒருவர் கண்ணிலும் அவன் படவில்லை.

அன்றிலிருந்து வேலி, மூடி, அலாரம் மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதில் நாட்டுக்கு நாடு சட்டமே வேறு. பிரான்ஸில் 2003 ஜனவரியில் வந்த சட்டப்படி, நிலத்தில் பதித்த தனியார் குளத்துக்கு வேலி, மூடி, மேலே கவிக்கும் கூடாரம், அலாரம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். நாங்கள் இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி விடுவதில்லை. குளத்துக்கு வேலி இருந்தே ஆக வேண்டும், மூடியும் அலாரமும் அதற்கு ஈடாகாது. பூட்டும் மூடி போதும் என்ற சலுகை, சுடுநீரில் உட்கார்ந்து குளிக்கும் ஸ்பா தொட்டிக்கு மட்டும்தான். முன்பெல்லாம் இது வீண் கெடுபிடி என்று நினைத்திருக்கிறேன். இப்போது இதுதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் அலாரம். விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். தண்ணீர் அசைவை உணர்ந்து கத்துவது ஒரு வகை, குழந்தையின் கையில் கட்டிவிடுவது இன்னொரு வகை. தண்ணீர் அலாரம் குழந்தை விழுந்த பிறகுதான் கத்தும். அந்த நேரத்தில் நீங்கள் ஓடி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பலத்த காற்றுக்கும் அது கத்தலாம். நாலு தடவை ஏமாந்தால் ஐந்தாம் தடவை நாமே அணைத்துவிடுவோம். பெரியவர்கள் நீந்தும்போது அணைத்து வைத்தால், திரும்பப் போட யாருக்கு நினைவிருக்கும்? வீட்டிலிருந்து குளத்துப் பக்கம் திறக்கும் கதவில் மாட்டும் அலாரம் இதைவிட உருப்படியானது, தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடும். வேலிக்குத் துணையாக அதை வைத்துக்கொள்ளலாம்.

மூடி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சூட்டைப் பிடித்துவைக்கப் போடுகிறோமே, குமிழ் குமிழாக நீல நிறத்தில், அது பாதுகாப்பு மூடியே அல்ல. வெறும் போர்வை. குழந்தை அதன்மேல் கால் வைத்தால் ஓரம் அமுங்கி உள்ளே போய்விடும், அப்புறம் போர்வை மேலே வந்து மூடிக்கொள்ளும். கரையில் நிற்பவருக்குக் குளம் மூடியிருப்பதாகத்தான் தெரியும், உள்ளே ஒரு பிள்ளை இருப்பது தெரியாது. அந்த வகையில் மூடாத குளத்தைவிட இது மோசம். உண்மையான பாதுகாப்பு மூடி வேறு. விளிம்பில் இறுக்கிப் பூட்டிக்கொள்ளும், மேலே பெரியவர்கள் ஏறினாலும் தாங்கும். மோட்டாரில் ஓடும் பலகை மூடியும் நல்லதுதான், ஆனால் செலவு அதிகம். மழை பெய்தால் கெட்டி மூடியின் மேல் தண்ணீர் தேங்கும். தவழும் குழந்தைக்கு அந்தக் கொஞ்சத் தண்ணீரே ஆபத்து. எல்லாவற்றையும் விட, ஒவ்வொரு தடவையும் குளித்து முடித்து யாராவது அதை மூட வேண்டுமே. விருந்தாளிகள் நிறைந்த நாளில் குளம் காலை முதல் இரவு வரை திறந்துதான் கிடக்கும்.

வேலிக்கு இந்தக் குறை இல்லை. நாம் மறந்தாலும் கேட் தானே சாத்திக்கொண்டு, தானே பூட்டிக்கொள்ளும். என்னைப் பொறுத்தவரை வேலியை முதலில் வைப்பதற்கு இந்த ஒன்றே போதும். ஆனால் எந்த வேலி? எங்கள் மாநிலத்தில் 1990 ஆகஸ்ட்டுக்கு முன் கட்டிய குளங்களில் வீட்டுச் சுவரும் கதவுமே ஒரு பக்க வேலியாக இருக்க விட்டார்கள். பழைய வீடு வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளை குளத்துக்குப் போவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான், தெருவிலிருந்து அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்புக் கணக்குப்படி, வீட்டையும் குளத்தையும் சேர்த்து வளைக்கும் வேலியைவிட, குளத்தை மட்டும் நான்கு பக்கமும் அடைக்கும் வேலியில் குழந்தை மூழ்கும் அபாயம் சுமார் 83 சதவீதம் குறைவு.

அளவுகளும் யோசித்து வைத்தவைதான். உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கம்பிகளுக்கு நடுவிலும் அடியிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து கூடாது. தாழ்ப்பாள் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில். கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே திறக்க வேண்டும். குழந்தை சாய்ந்து தள்ளினால் அது திறக்காமல் இறுகும். வேலியை ஒட்டி 90 சென்டிமீட்டருக்குள் ஏறுவதற்கு எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது இதில்தான்: கறிவேப்பிலைத் தொட்டியை வெயிலுக்காக வேலியோரம் வைத்திருந்தோம், மூன்று வயதுப் பிள்ளைக்கு அது அழகான படி.

கண்ணாடி வேலியா, அலுமினியமா என்று கேட்டால், கண்ணாடியில் கால் வைக்க இடமில்லை, சமையலறையிலிருந்து குளம் தெளிவாகத் தெரியும். அலுமினியம் மலிவு. கேட் ஒழுங்காக வேலை செய்தால் இரண்டும் நல்லதுதான், மிச்சப்படும் பணத்தைக் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் போடுங்கள்.

கேட்டைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். ஒரு சாண் மட்டும் திறந்து கையை விடுங்கள். அகலத் திறந்து விட்டால் வேகத்தில் எந்தக் கேட்டும் பூட்டிக்கொள்ளும், ஒரு சாணில்தான் குட்டு வெளிப்படும். கோடையில் எங்கள் பக்கத்துக் களிமண் காய்ந்து வெடிக்கும், கம்பம் லேசாகச் சாயும். இரண்டு மாதத்துக்கு முன் பார்த்தபோது கேட் மெல்ல வந்து தாழ்ப்பாளைத் தொட்டு, "டக்" என்ற சத்தமே இல்லாமல் நின்றுவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பூட்டியது போலவே இருந்தது! ஸ்க்ரூடிரைவரால் கீலின் ஸ்பிரிங்கை இறுக்கி, தாழ்ப்பாளைக் கொஞ்சம் கீழே இறக்கினேன், சரியாயிற்று.

காற்றடைத்த பிளாஸ்டிக் குளம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்குமானால் இங்கே அதற்கும் வேலிச் சட்டம் உண்டு. குளித்ததும் கொட்டிக் கவிழ்த்து வைக்கிற சின்னத் தொட்டியே போதும்.

நீச்சல் வகுப்புக்கு அனுப்புங்கள், ஆனால் நீச்சல் தெரிந்த பிள்ளையையும் தனியே விடாதீர்கள். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, சத்தமில்லாமல் அடங்கிவிடும். வீட்டில் இரண்டு பேராவது முதலுதவி கற்றிருக்க வேண்டும். மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது, மூச்சும் ஊத வேண்டும்: 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. குளித்து முடித்ததும் பொம்மைகளை வெளியே எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த வாத்து இப்போது கார் கொட்டகையில் இருக்கிறது.

விருந்து நாளில் வேலிக்குள் ஆட்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள், அப்போது கண்காவல்தான் வேலை செய்யும். எல்லாரும் பார்க்கிறோம் என்றால் யாரும் பார்ப்பதில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. அதனால் ஒரு விசில் வாங்கினோம். அதைக் கழுத்தில் மாட்டியிருப்பவர் போனைத் தொடக் கூடாது, தட்டு ஏந்தக் கூடாது, பியர் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். இந்தப் பொங்கலுக்கு முதல் விசிலை அந்தத் தம்பியே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார்.